பேங்க் நெகாராவின் அறிவிப்பும் வீட்டுத் தவணையும்

முப்பது ஆண்டுக் கடனில் தாமான் வீடு வாங்கிய குடும்பத்திற்கு ஒரு நாள் வங்கியிலிருந்து கடிதம் வருகிறது. அடுத்த மாதம் முதல் தவணை கூடுகிறதாம். கடன் கொடுத்ததோ வணிக வங்கி. வட்டியை உயர்த்தியதோ பேங்க் நெகாரா. பொதுமக்களுக்கு வீட்டுக் கடனே கொடுக்காத பேங்க் நெகாராவின் முடிவு, குடும்பத்தின் மாதச் செலவை எப்படித் தொடுகிறது? நேயர்கள் பலருக்கும் உள்ள ஐயம் இது.

வங்கிகளும் கடன் வாங்குகின்றன என்பதில் தொடங்குகிறது விடை. நாள் முடிவில் ஒரு வங்கியில் பணம் மிஞ்சும், மற்றொன்றில் குறையும். குறைந்த வங்கி, மிஞ்சிய வங்கியிடம் ஓர் இரவுக்குக் கைமாற்று வாங்கும். அந்தக் கைமாற்று வட்டி எந்த அளவில் இருக்க வேண்டுமென பேங்க் நெகாரா நிர்ணயிப்பதே ஓ.பி.ஆர். 2004ஆம் ஆண்டு ஏப்ரலில் இது நடைமுறைக்கு வந்தது.

இது வெறும் அறிவிப்பன்று. ஓ.பி.ஆருக்குக் கால் விழுக்காடு மேலே வங்கிகள் பேங்க் நெகாராவிடமே கடன் பெறலாம். கால் விழுக்காடு கீழே அங்கேயே பணத்தைப் போட்டு வைக்கலாம். ஆகவே கைமாற்று வட்டி இவ்விரு எல்லைக்குள் அடங்கி நிற்கிறது. அந்த வட்டி ஏறினால் வங்கிக்குப் பணம் திரட்டும் செலவு ஏறும். நிரந்தர வைப்புத்தொகைக்குக் கிடைக்கும் வட்டியும் கூடும். கடன் வட்டியும் கூடும்.

முன்பு பி.எல்.ஆர். எனும் அடிப்படைக் கடன் வட்டி இருந்தது. 2015 ஜனவரியில் புதிய கடன்களுக்கு அடிப்படை விகிதம் வந்தது. அது வங்கிக்கு வங்கி மாறுபட்டது. 2022 ஆகஸ்ட் 1 முதல் புதிய வீட்டுக் கடன்களுக்கு எல்லா வங்கிகளுக்கும் பொதுவான எஸ்.பி.ஆர். வந்தது. ஓ.பி.ஆர். எவ்வளவு நகர்கிறதோ, எஸ்.பி.ஆரும் அவ்வளவு நகரும். பழைய கடன்களின் அடிப்படை வட்டியும் அதனுடன் சேர்ந்தே நகரும்.

கணக்கைப் பார்ப்போம். 2020 ஜூலையில் 1.75 விழுக்காடாக இருந்த ஓ.பி.ஆர்., 2022 மே தொடங்கி ஐந்து முறை உயர்ந்து, 2023 மே மாதம் 3.00 விழுக்காட்டை எட்டியது. 300,000 வெள்ளிக் கடனை முப்பது ஆண்டுகளில் அடைப்பதானால், 3 விழுக்காடு வட்டிக்கு மாதத் தவணை சுமார் 1,265 வெள்ளி. அதே 1.25 விழுக்காடு கூடி வட்டி 4.25 ஆனால் தவணை சுமார் 1,476 வெள்ளி. மாதம் 211 வெள்ளி என்பது பல குடும்பங்களுக்குச் சிறு தொகையன்று. 2025 ஜூலையில் ஓ.பி.ஆர். 2.75 விழுக்காட்டுக்குக் குறைக்கப்பட்டபோது, சுமையும் ஓரளவு குறைந்தது.

வீட்டுக் கடன் வட்டியில் இரு பகுதிகள் உண்டு. அடிப்படை வட்டி பேங்க் நெகாராவைப் பின்பற்றுவது. அதன்மேல் வங்கி சேர்க்கும் கூடுதல் விழுக்காடு வங்கியின் முடிவு. முன்னதைப் பற்றி வாடிக்கையாளர் பேரம் பேச முடியாது. பின்னதைப் பற்றிப் பேசலாம். ஆனால் கையெழுத்திடுவதற்கு முன்பே பேச வேண்டும். இரண்டு மூன்று வங்கிகளில் விசாரித்து, அந்தக் கூடுதல் விழுக்காட்டை ஒப்பிட்ட பிறகு கையெழுத்திடுவதே குடும்பத்திற்குப் பாதுகாப்பு.

வட்டி இறங்கும் காலத்தில், முடிந்தவர்கள் பழைய தவணையையே தொடர்ந்து கட்டலாமா என்று வங்கியிடம் கேட்பது நல்லது. மிகும் பணம் அசலைக் கரைத்தால், கடனும் முன்னதாகவே தீரும்.