கோல்ஃப் பையும் விமானப் பயணமும்: உங்கள் உரிமைகளை அறிந்துகொள்ளுங்கள்

கோல்ஃப் விதிப்படி ஓர் ஆட்டக்காரர் ஒரு சுற்றில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். அவற்றுக்குத் தனித்தனி அறைகளும், பந்து, கையுறை, மழை உடை, தண்ணீர் பாட்டில் ஆகியவற்றுக்குப் பாக்கெட்டுகளும் வைத்துத் தைத்ததுதான் கார்ட் பேக். மைதான வண்டியின் பின்புறம் நிமிர்த்தி வைத்து வாரால் கட்டிவிட்டால், வேண்டியதெல்லாம் கைக்கெட்டும். ஆனால் இந்தப் பை வண்டிக்காகச் செய்யப்பட்டது. அதை அப்படியே விமானத்தில் ஏற்றினால் இழப்பு உங்களுக்குத்தான்.

ஆபத்து எங்கே?

பைக்கு வெளியே மட்டைகளின் தலைகள் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே போடும் மழைமூடி தண்ணீரைத் தடுக்கும், அடியைத் தாங்காது. பை தலைகீழாக விழுந்தால், எல்லாவற்றிலும் நீளமான டிரைவர் மட்டைதான் முதலில் அடிபடும். பாதுகாப்பு விதிப்படி மட்டைகளைக் கேபினுக்குள் கொண்டுபோகவும் முடியாது.

ஆகவே கெட்டியான பயண உறைக்குள் பையை வையுங்கள். டிரைவரைவிட உயரமான தாங்குகம்பி ஒன்றை நடுவில் நிறுத்துங்கள். மட்டைத் தலைகளைத் துண்டால் சுற்றுங்கள். பவர் பேங்க், உதிரி லித்தியம் பேட்டரி எதுவும் பாக்கெட்டில் தங்கிவிடக் கூடாது; அவை தீப்பிடிக்கக்கூடியவை என்பதால் கைப்பையில்தான் வர வேண்டும்.

அடுக்கி முடித்ததும் ஒவ்வோர் அறையையும் பாக்கெட்டையும் படம் எடுங்கள். வாங்கிய ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள். பை தொலைந்தால் உள்ளே என்ன இருந்தது என்பதற்கு இவையே சாட்சி.

உரிமை என்ன?

சர்வதேசப் பயணத்துக்கு மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். அதன்படி ஒரு பயணியின் உடைமைக்கான இழப்பீட்டு வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு); ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். இந்த வரம்பைக் குறைக்கும் எந்த நிபந்தனையும் செல்லாது. இந்தியாவுக்குள் பறந்தால் வரம்பு 20,000 ரூபாய்தான். ஒரு நல்ல மட்டைத் தொகுப்பின் விலையோ லட்சத்தைத் தாண்டும். எனவே சர்வதேசப் பயணத்தில் பையை ஒப்படைக்கும்போதே மதிப்பை அறிவித்து, கேட்டால் கூடுதல் கட்டணமும் செலுத்துங்கள். அறிவித்த தொகைவரை இழப்பீடு கோரலாம். இல்லையேல் விளையாட்டுப் பொருட்களையும் உள்ளடக்கும் காப்பீடு எடுங்கள்.

பரிகாரம் என்ன?

விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே பையைத் திறந்து பாருங்கள். சேதம் தெரிந்தால் விமான நிறுவனத்தின் உடைமைப் பிரிவில் புகார் எழுதி, நகல் வாங்குங்கள். சேதத்துக்கு 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்த பைக்கு அது கைக்கு வந்த 21 நாட்களுக்குள்ளும் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். இந்தக் கெடு தவறினால் சர்வதேசப் பயணத்தில் வழக்கே நிற்காது.

பதில் வராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் முறையிடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் அழைக்கலாம். அதற்கும் பலனில்லை என்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை 2 ஆண்டுகளுக்குள் அணுகுங்கள். செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமே இல்லை.

மட்டை உடைந்ததே என்று மனம் நொந்து வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். புகாரை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.