வலசைக் குருவிகளுக்கு வளையமிடுதல்

புரட்டாசி பிறந்ததும் கோடியக்கரைக் காட்டில், கோடை முழுவதும் கேளாத குரல்கள் சில கேட்கத் தொடங்குகின்றன. நாகப்பட்டினம் மாவட்டத்தில், வங்காள விரிகுடாவும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனையில் அமைந்தது இக்காடு. உலர்ந்த பசுமைமாறாக் காடு ஒருபுறம், உப்புச் சதுப்பு மறுபுறம். 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இவ்விடத்தின் புகழுக்குப் பூநாரைகளே காரணம் எனப் பலரும் கருதுவர். ஆனால் புதர்களுக்குள் ஒளிந்து திரியும் சிறு பறவைகளின் வரவு, பூநாரைகளின் வரவைக் காட்டிலும் வியப்பிற்குரியது. கொடிக்கால் வாலாட்டி கிழக்காசியாவிலிருந்து வருகிறது. நாணல் கதிர்க்குருவிகளுள் ஓரினம் பின்லாந்து முதல் சைபீரியா வரையுள்ள நிலங்களில் கூடு கட்டி, குளிர்காலத்தை இந்தியத் துணைக்கண்டத்திலேயே கழிக்கிறது. காலையும் மாலையும் ஆறு மணியளவில் கூவுவதால் நம் மக்கள் 'ஆறுமணிக் குருவி' எனப் பெயரிட்ட வண்ணப் பறவை இமய அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் வந்து சேர்கிறது. இவற்றுட் சில இங்கேயே தங்குகின்றன; சில கடலைக் கடந்து இலங்கைக்குச் செல்கின்றன. யாழ்ப்பாணக் கரை 60 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலேயே உள்ளது. காற்று இடையூறு செய்யாவிடில் இரண்டு மணி நேரப் பறத்தலே போதும்.

இக்குருவிகளுள் எது தங்குகிறது, எது கடந்து செல்கிறது, அடுத்த ஆண்டு வருவது அதே குருவிதானா என்பவற்றைக் கண்ணால் கண்டு கூற இயலாது. ஓர் இனத்துக் குருவிகள் அனைத்தும் ஒன்றுபோலவே இருப்பதே காரணம். ஆகவே ஒவ்வொன்றிற்கும் ஓர் அடையாளம் வேண்டும். 1899-இல் டென்மார்க்கைச் சேர்ந்த மார்டென்சன் என்னும் ஆசிரியர், மைனா இனத்தைச் சார்ந்த பறவைகளின் கால்களில் எண் பொறித்த அலுமினிய வளையங்களை மாட்டிப் பறக்கவிட்டார். முறையான வளையமிடுதல் அதிலிருந்தே தொடங்கிற்று. பள்ளி ஆசிரியர் ஒருவரால் தோன்றிய கலை இது என்பதை நம் ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நன்று. இந்தியாவில் 1883-இல் நிறுவப்பெற்ற பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், 1920-களில் வாத்துகளைக் கொண்டு இப்பணியைத் தொடங்கிற்று.

ஆயினும் பெரும் அளவில் இப்பணி நடைபெறக் காரணமாயிருந்தது ஒரு நோயே. 1957-இல் மைசூர் மாநிலத்துச் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்தன, மக்களும் கடுங்காய்ச்சலுற்றனர். நோயின் வைரஸ் ருஷ்ய நாட்டில் உண்ணிகளால் பரவும் மூளைக்காய்ச்சலின் வைரஸை ஒத்திருந்தது. வடக்கிலிருந்து வரும் பறவைகள் தம் உடலில் உண்ணிகளைச் சுமந்து இந்நோயைக் கொண்டுவந்தனவோ என்னும் ஐயம் எழுந்தது. இதனை ஆராய, உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் டாக்டர் சாலிம் அலியின் தலைமையில் 1959-இல் பெருந்திட்டம் ஒன்று தொடங்கப்பெற்றது. பறவைகளைக் குற்றவாளிகளாக்கும் சான்று கிட்டவில்லை. ஆனால் அதன் பயனாக ஆயிரக்கணக்கான பறவைகள் வளையம் பெற்றன. கோடியக்கரையும் பின்னர் இப்பணியின் முக்கிய நிலையங்களுள் ஒன்றாயிற்று.

பறவைகளைப் பிடிக்க உதவுவது பனிவலை எனப்படும் மெல்லிய நைலான் வலை. புதர்களுக்கிடையே இரு கம்பங்களில் கட்டினால் நிழலோடு நிழலாக மறைந்துவிடும். பறந்து வந்து மோதும் குருவி, வலையின் தளர்ந்த மடிப்பில் பை போன்று விழுந்து கிடக்கும். வலைகளைப் பொழுது புலருமுன் விரித்தல் வேண்டும். அரை மணிக்கு ஒரு முறையேனும் சுற்றி வந்து பார்த்தல் வேண்டும். இதில் சோம்பல் கூடாது. பத்துக் கிராம் எடையுள்ள உயிர், வெயிலில் வலையில் தொங்கினால் சிறிது நேரத்திலேயே மடியும். கீழ் மடிப்பு தரையைத் தொட்டால் எறும்புகள் முந்திக்கொள்ளும். ஐப்பசி மழை தூறத் தொடங்கினாலோ வலையை உடனே சுருட்டிவிட வேண்டும். நனைந்த குருவிக்கு உடற்சூடு தங்காது. எத்தனை வளையங்கள் இட்டோம் என்னும் எண்ணிக்கையில் பெருமை கொள்வோர், எத்தனை பறவைகள் உயிருடன் பறந்தன என்பதையும் உடன் கூறுதல் முறை.

வலையினின்று விடுவிப்பதில் கால்களா, சிறகா, தலையா என்னும் வரிசையைப் பறவை புகுந்த திசையே முடிவு செய்யும். பின்னர் துணிப் பையில் இட்டு மேசைக்குக் கொண்டுவருவர். சுட்டு விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே கழுத்து அமைய, முதுகு உள்ளங்கையில் பொருந்தப் பிடிப்பதே பாதுகாப்பான பிடி. மார்பை அழுத்தினால் மூச்சு நின்றுவிடும். பழுப்புக் கீச்சான் மட்டும் பிடித்தவர் விரலைக் கடித்துக் குருதி வரவழைக்கத் தவறுவதில்லை. காலின் பருமனுக்கேற்ற வளையம் மாட்டி, இடுக்கியால் விளிம்புகளைச் சேர்ப்பர். வளையம் காலில் சுழல வேண்டும், ஆயின் பாதத்திற்கு இறங்கலாகாது. அடுத்துச் சிறகின் நீளமும் எடையும் குறிக்கப்படும். தொண்டைக் குழியிலுள்ள இறகுகளை ஊதி விலக்கினால் தோலின் கீழ் மஞ்சள் நிறக் கொழுப்புத் தெரியும். நெடும்பயணத்திற்குப் பறவை சேர்த்துவைத்த எரிபொருள் அதுவே. கொழுத்த குருவி இன்னும் செல்லவிருக்கிறது என்றும், மெலிந்தது இப்போதுதான் வந்திறங்கியது என்றும் ஒருவாறு ஊகிக்கலாம்.

பெரிய பறவைகளின் முதுகில் இக்காலத்தில் செயற்கைக்கோள் கருவிகளைப் பொருத்துகின்றனர். 2013-இல் நாகாலாந்தில் அவ்வாறு விடப்பட்ட அமூர் வல்லூறுகள் அரபிக் கடலைக் கடந்து ஆப்பிரிக்கா சென்றதைக் கருவிகளே தெரிவித்தன. கதிர்க்குருவியோ அத்தகைய சுமையைத் தாங்காது. அதற்கு இன்றும் வளையமே தக்க சாதனம். ஆனால் வளையம் தானே பேசாது. யாரேனும் கண்டெடுத்துக் கூறினால்தான் அது பயன்படும். சிறு குருவிகளுக்கு இட்ட வளையங்களுள் தொலைவிடங்களிலிருந்து செய்தி வருவது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

எனவே கோடியக்கரையில் இட்ட வளையம் எங்கோ ஒரு வயலில், அல்லது கொச்சியை அடுத்த வல்லார்பாடம் போன்ற காயல் தீவின் கண்டல் புதரில், பள்ளிச் சிறுவன் ஒருவன் கையில் கிடைக்கக்கூடும். தண்டனைக்கு அஞ்சி அதை எறிந்துவிடுவோரும் உளர். இறந்து கிடந்த பறவையைக் கண்டதைத் தெரிவிப்பது குற்றமன்று என ஆசிரியர்கள் விளக்குதல் வேண்டும். அனுமதியின்றி வலை விரிப்பதோ 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். பறவை உயிருடனிருந்தால் வளையத்தைக் கழற்றாமல், எழுத்தையும் எண்ணையும் இருமுறை படித்து எழுதிக்கொண்டு பறக்கவிடுக. இறந்திருந்தால் வளையத்தைக் கழற்றித் தட்டையாக்கிக் கடிதத்தில் ஒட்டுக. கண்ட நாள், ஊர், மாவட்டம், பறவை இருந்த நிலை ஆகியவற்றைக் குறித்து, வளையத்தில் பொறித்துள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்புக. வளையம் வேற்று நாட்டினதாயினும் அங்கேயே எழுதலாம்.