தங்கும் விடுதியா, கலைக்கூடமா?

ஊருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் திருப்பதி தரிசனம் நம்மில் பலருக்குத் தவறாத கடமை. எங்கள் குடும்பத்துக்கும் அப்படித்தான். சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், குப்பத்துக்கு அருகில் உள்ள ராமகுப்பம் எங்கள் ஊர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் எல்லைப்புறம். சென்ற முறை அங்கிருந்து என் அக்காவையும் அழைத்துக்கொண்டு திருப்பதி சென்று, ஒரு ஹோட்டலில் தங்கினோம்.

வரவேற்புக் கூடத்தின் சுவரில் ராமர் பட்டாபிஷேகம் தீட்டிய பெரிய துணி ஒன்று தொங்கியது. வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த என் மகள் அதன் முன்னால் நின்றுவிட்டாள். "இதை வரைந்தது யார்?" என்று வரவேற்பாளரைக் கேட்டாள். "அது டெக்கரேஷன் மேடம், காண்ட்ராக்டர் மாட்டியது" என்று பதில் வந்தது.

அக்கா சிரித்தாள். "காளாஸ்திரி கலம்காரி மாதிரி இருக்கு கண்ணு. கையால எழுதினதா, மிஷின்ல அடிச்சதான்னு திருப்பிப் பார்த்தாத்தான் தெரியும்" என்றாள். துணி சட்டத்துக்குள் இருந்ததால் திருப்பிப் பார்க்க வழியில்லை. மகளின் கேள்வி மட்டும் என்னோடு ஊர் திரும்பியது.

ஹோட்டலையே கலைக்கூடமாக ஆக்கும் வழக்கம் நம் பக்கத்தில் புதிதல்ல. டில்லியில் 1977இல் திறக்கப்பட்ட மௌரியா ஹோட்டலின் முன்கூடம் பழைய பௌத்த சைத்தியங்களை நினைவூட்டும் குவிமாடம் கொண்டது. அதன் உட்புறம் முழுவதும் ஓவியர் கிருஷண் கன்னா 1980களில் தீட்டி முடித்த 'மாபெரும் ஊர்வலம்'. அரசர்களும் தேவர்களும் அல்ல, அன்றாட இந்திய மக்களே அதில் நடக்கிறார்கள். அண்ணாந்து பார்ப்பவருக்கு ஓவியர் யார் என்பதும் தெரியும்; ஹோட்டல் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது.

இலங்கை வாசகர்களுக்குப் பெந்தோட்டை நினைவிருக்கும். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா அமைத்து 1969இல் திறக்கப்பட்ட கடற்கரை ஹோட்டலில், நுழைவுக் கூடத்தின் கூரையையே ஈனா டி சில்வாவின் பத்திக் துணிகள் அலங்கரித்தன. தம்புள்ளைக்கு அருகே 1990களில் பாவா கட்டிய கண்டலம ஹோட்டலின் படிக்கட்டில் லக்கி சேனநாயக்க செய்த பெரிய ஆந்தை சிறகு விரித்து நிற்கிறது. கட்டியவர், துணி தீட்டியவர், சிற்பம் செய்தவர் என்று மூவர் பெயரும் இன்றும் சேர்ந்தே பேசப்படுகின்றன.

திருப்பதிக்கும் இந்தக் காற்று வந்துவிட்டது. மராசா சரோவர் பிரீமியர் ஹோட்டலை மும்பையின் எஸ்.ஜே.கே. கட்டடக் கலைஞர்கள் தசாவதாரத்தைக் கருவாகக் கொண்டு வடிவமைத்தார்கள். காலண்டர் படம்போல் அவதாரங்களை வரிசையாக மாட்டாமல், வடிவத்திலும் வண்ணத்திலும் குறிப்பாக உணர்த்தும் புது முயற்சி அது. புராணத்தை இன்றைய கண்ணால் பார்க்கலாம் என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்ட நல்ல இடம்.

அங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது தேவாரம் பாடிய திருக்காளத்தி, இன்றைய ஸ்ரீகாளஹஸ்தி. அக்கா சொன்ன கலம்காரியின் ஊர் அது. பருத்தித் துணியைப் பாலிலும் கடுக்காய்ச் சாற்றிலும் தோய்த்துக் காயவைப்பார்கள். மூங்கில் குச்சியின் நுனியில் நூலோ கம்பளியோ சுற்றினால் அதுதான் பேனா. பழைய இரும்பையும் வெல்லத்தையும் நீரில் பல நாள் ஊறவைத்தால் கறுப்பு மை. படிகாரமும் வேர்ச்சாயமும் சேர்ந்தால் சிவப்பு, அவுரியில் நீலம். ஒவ்வொரு நிறத்துக்கும் துணியை அலசிக் காயவைக்க வேண்டும். ஒரு பெரிய திரைச்சீலை முடிய வாரக்கணக்கில் ஆகும்.

முன்பு இந்தச் சீலைகளைக் கோயில்கள் வாங்கின. ஆதரவு குறைந்து கலை நலிந்தபோது, கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியால் 1950களின் இறுதியில் ஸ்ரீகாளஹஸ்தியில் பயிற்சி நிலையம் தொடங்கி அதை மீட்டார்கள். பின்னர் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்று கோயிலின் இடத்தில் புதிய புரவலராக ஹோட்டல் வந்து நிற்கிறது. ஆனால் அதே வடிவத்தை இயந்திரத்தில் அச்சடித்த துணி மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது, பெயர் கேட்காத விருந்தினருக்கு எது தொங்கினால் என்ன என்று நிர்வாகமும் நினைத்துவிடுகிறது. அப்படி நினைத்துவிட்டால் மூங்கில் பேனா பிடித்த கை வேறு வேலை தேடிப் போய்விடும்.

இதில் நம்மால் ஆவது ஒன்று உண்டு. துணியை வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். கையால் தீட்டியதில் சாயம் பின்பக்கமும் இறங்கியிருக்கும்; கோடுகள் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடும். அச்சில் பெரும்பாலும் பின்பக்கம் வெளிறி, ஒரே உருவம் மாறாமல் திரும்பத் திரும்ப வரும். ஹோட்டலில் தங்கினால் என் மகளைப்போல் கேளுங்கள்: "இதை வரைந்தது யார்?" பதில் தெரியாவிட்டால் விருந்தினர் குறிப்பேட்டில் அதையே எழுதிவையுங்கள். பத்துப் பேர் எழுதினால் பதினோராவது ஆளுக்காவது ஓவியத்தின் கீழே ஒரு பெயர்ப்பலகை இருக்கும்.

அடுத்த விடுமுறையில் மலையிறங்கியதும் நேராக விமான நிலையம் போகாமல், ஒருநாள் ஸ்ரீகாளஹஸ்திக்குப் போவதாக இருக்கிறோம். அக்காவும் வருகிறாளாம்.