தரை தொடும் நேரத்தில் தடுமாறும் சிறு விமானங்கள்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து மக்களுக்கு உளுந்தூர்பேட்டை விமானத்தளம் புதிய சேதி அல்ல. இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம். 2019-ல் மாவட்டம் பிரியும்வரை விழுப்புரத்தில் இருந்தது. இப்போது கள்ளக்குறிச்சிக் கணக்கு. அங்கே மறுபடி விமானம் இறங்க வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. நியாயமான கோரிக்கைதான். ஆனால் சிறிய விமானங்கள் மற்றக் கட்டங்களைவிட அதிகம் விபத்துக்குள்ளாவது இறங்கும்போதுதான் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக ஓடும் செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்வோம். நான்கு பேரும் எரிபொருளும் ஏறினாலும் எடை ஒரு டன்னைச் சற்றே தாண்டும். இறங்க வரும் வேகம் மணிக்குச் சுமார் 120 கி.மீ. இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ‘ஃபிளாப்’ தட்டுகளை முழுக்க இறக்கிய நிலையிலும் வேகம் 75 கி.மீ. அளவுக்குக் குறைந்துவிட்டால் இறக்கை தாங்காது. இதைத்தான் விமானிகள் ‘ஸ்டால்’ என்கிறார்கள்.

இவ்வளவு இலேசான விமானத்துக்குக் காற்றுதான் பெரிய சோதனை. நம் பக்கத்தில் ஆனி, ஆடியில் மேல்காற்று வாங்கு வாங்கென்று வாங்கும். பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று புகும். ஓடுதளத்துக்குக் குறுக்கே காற்றடித்தால், காற்று வரும் பக்கத்து இறக்கையைச் சற்றுத் தாழ்த்தி, வால் சுக்கானான ரடரின் பெடலை மிதித்து மூக்கை நேராக வைத்துக்கொண்டே இறக்க வேண்டும். சக்கரம் பட்டதும் ‘அப்பாடா’ என்று காலைத் தளர்த்தினால் போச்சு. காற்று இறக்கையைத் தூக்கும், மூக்கு காற்றை நோக்கித் திரும்பும், விமானம் ஓடுதளத்தை விட்டு விலகும். வால் சக்கரம் வைத்த பழைய ரகங்களில் எடை பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், தொடங்கிய திருப்பம் தானாகவே பெருகி விமானத்தைச் சுழற்றிவிடும்.

உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இதற்கும் முந்தைய கட்டம். ஓடுதளத்துக்கு நேராக வரும் கடைசித் திருப்பத்தில் பின்காற்று ஓடுதளத்தின் நேரைத் தாண்டித் தள்ளிவிட, விமானி ரடரை மிதித்து இறுக்கித் திருப்பப் பார்ப்பார். 45 பாகை சாய்ந்து உயரம் குறையாமல் திரும்பினால் ஸ்டால் வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். ஒரு இறக்கை முந்திக்கொண்டு விழும். மீட்க உயரம் இருக்காது.

2025 நவம்பரில் சேலத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று கோளாறாகி, திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் நார்த்தாமலை அருகே இறங்கியது. முன்பகுதி சேதமானது, உள்ளிருந்த இருவரும் பிழைத்தார்கள். சாலையிலே இறங்க வேண்டி வந்தும் அவர்கள் கட்டுப்பாட்டை விடவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இயந்திரம் நன்றாக இருக்கும்போது இன்னொரு வழியும் உண்டு: முழு விசை கொடுத்து மேலேறி, ஒரு சுற்று சுற்றி மறுபடி வருவது. ‘கோ-அரவுண்ட்’ என்ற இதை மாணவரின் தோல்வியாகப் பார்க்கும் பயிற்சியாளர் ஆபத்தானவர். உளுந்தூர்பேட்டையில் பயிற்சிப் பள்ளி வருமானால், ஆடிக் காற்றில் எப்போது பறக்கக் கூடாது, எத்தனை அடி உயரத்துக்குள் நேராக வராவிட்டால் மேலேறியாக வேண்டும் என்பவை முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும்.