சிமென்ட் பாதையில் ஏறும் புல்: பேட்டரி கருவியால் ஓரம் வெட்டுவது எப்படி?

கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை சிமென்ட் பாதை, இரண்டு பக்கமும் புல். போட்ட புதிதில் ஓரம் நேராக இருக்கும். ஒரு மழைக்காலம் போனால் புல் பாதைமேல் ஒரு சாண் ஏறியிருக்கும். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் வீட்டு வாசலிலும் ஷூ கம்பெனி வளாகத்திலும் இதே தொல்லைதான். இந்த ஓரத்தை வெட்ட பேட்டரியில் ஓடும் கருவிகள் கிடைக்கின்றன. உங்களுக்கு அது தேவையா, வாங்கினால் எப்படிப் பயன்படுத்துவது என்று பார்ப்போம்.

புல் ஏன் பாதைக்கு வருகிறது?

நர்சரியில் எந்தப் புல்லை வாங்கிப் பதித்தாலும் நம் பக்கத்தில் கொஞ்ச நாளில் அருகம்புல் உள்ளே நுழைந்துவிடும். அது ஓடுதண்டு (தரையோடு படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும் தண்டு) விட்டுப் பரவும். மண்ணுக்கடியிலும் ஒரு தண்டு ஓடும். சிமென்ட்டில் ஒரு விரிசல், பேவர் பிளாக் இடுக்கில் கொஞ்சம் மணல் கிடைத்தால் போதும், கணு அங்கே வேர் பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு காரணமும் உண்டு. அருகம்புல் உப்புத் தண்ணீரைத் தாங்கும். டேனரிக் கழிவுநீர் பல காலம் கலந்ததால் பாலாற்றையொட்டிய பல ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் உப்பேறிப்போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், கெடுத்தவர்தான் அதைச் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்துவிட்டது என்பதற்காக நிலத்தடி நீர் உடனே நல்ல தண்ணீராகிவிடாது. அந்தத் தண்ணீரைப் பாய்ச்சும் தோட்டத்தில் மென்மையான புல் வகைகள் கருகும், அருகம்புல் நிற்கும். ஆக, நீங்கள் ஓரம் வெட்டப்போவது பெரும்பாலும் அருகம்புல்லைத்தான்.

எந்தக் கருவி?

இரண்டு வகை உண்டு. ஒன்று எட்ஜர் (செங்குத்தாகச் சுழலும் இரும்புத் தகட்டால் புல்லின் ஓரத்தையும் மண்ணையும் சேர்த்து வெட்டும் கருவி). இன்னொன்று டிரிம்மர் (சுழலும் நைலான் நரம்பால் புல்லை அறுக்கும் கருவி). டிரிம்மரின் தலையைத் திருப்பி நிறுத்தினால் அதுவே ஓரமும் வெட்டும். நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பது டிரிம்மர்தான். வீட்டுக்கு அது போதும் என்பது என் எண்ணம். பள்ளி, கல்யாண மண்டபம், கம்பெனி வளாகம் என்று நீண்ட பாதை இருந்தால் எட்ஜருக்குச் செலவு செய்யலாம்.

பாதை இருபது முப்பது அடிதானா? ஒரு மண்வெட்டியும் அரை நாளும் போதும். எதுவும் வாங்க வேண்டாம்.

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?

பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி என்றால் 36 வாட்-மணி. கருவி 150 வாட் இழுத்தால் சுமார் கால் மணி நேரம் ஓடும். 4 ஆம்பியர்-மணி என்றால் அதைப் போல இரண்டு மடங்கு. காய்ந்து இறுகிய மண்ணில் இதைவிடச் சீக்கிரம் தீரும். ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்று போட்டிருந்தால் கூடுதல் சக்தி என்று நினைக்க வேண்டாம். முழுதாக சார்ஜ் ஏறியபோது உள்ள அளவு அது. வேலை செய்யும்போது அதுவும் 18 வோல்ட்தான்.

இதைவிட முக்கியம் நம் ஊர் வெயில். மே மாதத்தில் வேலூரில் 40 டிகிரி தாண்டுவது வழக்கம். லித்தியம் பேட்டரியை 40 டிகிரிக்கு மேல் சார்ஜ் போடக் கூடாது என்றுதான் பெரும்பாலான கையேடுகள் சொல்கின்றன. வேலை முடித்ததும் பேட்டரி சூடாக இருக்கும். நிழலில் வைத்து, கைக்குச் சூடு தெரியாத அளவுக்கு ஆறியபின் சார்ஜரில் போடுங்கள். மொட்டை மாடி ஷெட்டிலோ, வெயிலில் நிற்கும் கார் டிக்கியிலோ வைக்காதீர்கள். மாதக்கணக்கில் பயன்படுத்தப்போவதில்லை என்றால் பாதி சார்ஜோடு வீட்டுக்குள் வையுங்கள்.

எப்போது வெட்டுவது?

தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் காலை. மண் ஈரமாக இருக்க வேண்டும், சேறாக இருக்கக் கூடாது. காய்ந்த சரளை மண்ணில் தகடு துள்ளும், சேற்றில் அப்பிக்கொள்ளும்.

தொடங்குமுன் என்ன பார்க்க வேண்டும்?

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பாதை ஓரம்தான் வீட்டில் எல்லாவற்றையும் புதைக்கும் இடம். போர் மோட்டார் ஒயர், தோட்ட விளக்கு ஒயர், சொட்டுநீர்க் குழாய், இன்டர்நெட் கேபிள் எல்லாம் அரை அடி ஆழத்துக்குள் படுத்திருக்கும். சில வீடுகளில் ஒரு அங்குல மண்தான் மேலே மூடியிருக்கும். ஒயர் பதித்த எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். தெரியவில்லை என்றால் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஒரு மரக்குச்சியால் ஓரத்தைக் கிளறிப் பாருங்கள். ஒயர் இருக்கிற நீளத்துக்குத் தகட்டை மண்ணில் இறக்காமல் மேலே உள்ள புல்லை மட்டும் அறுங்கள்.

அடுத்தது கல். ஜல்லி, ஓட்டுத் துண்டு, ஆணி எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். சுழலும் நரம்பில் பட்ட ஜல்லி காரின் கண்ணாடியை உடைக்கும், கண்ணையும் கெடுக்கும். காரை வெளியே எடுத்து நிறுத்துங்கள். 15 மீட்டருக்குள் யாரும் வராமல் பாருங்கள், குறிப்பாகக் குழந்தைகள்.

லுங்கி, வேட்டி, தொங்கும் துப்பட்டா வேண்டாம். முழு பேன்ட் போடுங்கள். காலுக்கு ஆம்பூர் வட்டாரத்தில் தைக்கிற பாதுகாப்பு ஷூவே இருக்கிறது. செருப்போடு இந்த வேலையைத் தொடாதீர்கள். கண்ணுக்குப் பக்கவாட்டையும் மூடும் கண்ணாடி அவசியம், கூலிங் கிளாஸ் போதாது.

முதல் வெட்டு எப்படி?

பாதைமேல் ஒரு சாண் ஏறிய புல்லைக் கருவியாலேயே வெட்டப் பார்த்தால் பேட்டரி தீரும், நரம்பு அறுந்துகொண்டே இருக்கும். முதல் தடவை மண்வெட்டிதான் சரி. நடவுக்கு முன் கழனியில் அண்டை வெட்டுவதுபோல, பாதை விளிம்பையொட்டி மண்வெட்டியை நேராக இறக்கி, ஏறிய புல்லைப் பாயாகச் சுருட்டி உரித்தெடுங்கள். சிமென்ட் விளிம்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதன்பின் ஓரத்தைக் காப்பாற்றும் வேலையைக் கருவியிடம் கொடுங்கள்.

எட்ஜராக இருந்தால் அதன் சக்கரம் சிமென்ட்மேல் உருளட்டும், தகடு விளிம்பையொட்டி மண் பக்கம் இறங்கட்டும். சிமென்ட்டில் உரசினால் சத்தமே சொல்லிவிடும், சற்று விலக்குங்கள். ஒரு அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை அங்குல ஆழம் போதும். அதையும் ஒரே தடவையில் இறக்க வேண்டாம். முதலில் மேலாக ஒரு நடை, பிறகு ஆழமாக ஒரு நடை. மோட்டார் சத்தம் கம்மினால் நீங்கள் வேகமாகத் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம்.

டிரிம்மராக இருந்தால் பாதைமேல் நின்று, நரம்பின் நுனி மட்டும் புல்லில் படும்படி பிடியுங்கள். குப்பை உங்கள் மேல் தெறித்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து நடந்து வாருங்கள்.

நரம்பு அடிக்கடி அறுகிறதே?

சொரசொரப்பான சிமென்ட் ஒரு காரணம், நம் வெயில் இன்னொரு காரணம். நைலான் காய்ந்தால் மொரமொரப்பாகிவிடும். நரம்பை முதல் நாள் இரவே ஒரு வாளித் தண்ணீரில் ஊறப் போடுங்கள், மறுநாள் வளைந்துகொடுக்கும். சுருளை வெயில் படும் ஜன்னலோரம் மாட்டி வைக்காதீர்கள்.

பேவர் பிளாக் பாதைக்கும் இதே முறையா?

இல்லை. பேவர் பிளாக்குக்கு அடியில் மணல் படுக்கைதான் இருக்கிறது. ஓரத்தில் கெர்ப் கல் பதித்திருந்தால் பிரச்சினை இல்லை. கெர்ப் இல்லாமல் பிளாக்கையொட்டிப் பள்ளம் வெட்டினால் மழையில் அந்த மணல் பக்கவாட்டில் கரைந்து ஓடும். பிறகு கார் சக்கரம் ஏறும் இடத்தில் ஓரத்து பிளாக் இறங்கி ஆடும். அப்படிப்பட்ட பாதையில் டிரிம்மரால் மேல்புல்லை மட்டும் அறுங்கள், மண்ணைத் தொடாதீர்கள். புதிதாகப் பாதை போடப்போகிறவர்கள் கெர்ப் கல்லுக்கான பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வெட்டியபின் ஓரம் பழுப்பாகிறது, கருவியாலா?

பெரும்பாலும் இல்லை. சூடேறிய சிமென்ட்டை ஒட்டிய மண் முதலில் காயும். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு மேலே தங்கும். ஓரத்தில் வெள்ளை பூத்திருந்தால் அதுதான். முடிந்தால் நல்ல தண்ணீரோ சேமித்த மழைநீரோ, அந்த ஓரத்துக்கு மட்டுமாவது மாலையில் நிறைய விடுங்கள். உப்பு கீழே இறங்கும்.

வெட்டிய புல்லை என்ன செய்வது?

கையோடு பெருக்கி அள்ளுங்கள். அருகம்புல்லின் ஒவ்வொரு கணுவும் ஒரு செடி. பூச்செடிப் பாத்தியில் கொட்டினால் அங்கேயும் முளைக்கும். சாக்கடையில் தள்ளினால் அடுத்த மழைக்கு அடைத்துக்கொள்ளும். களைக்கொல்லி அடிக்காத, நைலான் துணுக்கு கலக்காத புல்லை மாட்டுக்குக் கொடுக்கலாம். டிரிம்மரால் வெட்டியதில் துணுக்கு கலந்திருக்கும், அதைக் கொடுக்காதீர்கள்.

கருவியைச் சுத்தம் செய்யுமுன் பேட்டரியைக் கழற்றுங்கள். சிக்கிய புல்லை எடுக்க விரலை விடும்போதும் அப்படியே, ஒரு தடவைகூட விதிவிலக்கு வேண்டாம். தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் பிரஷ்ஷால் தட்டி, தகட்டை உலர்ந்த துணியால் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள். உப்பு மண் ஒட்டியிருந்தால் துரு சீக்கிரம் ஏறும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை?

மழைக்காலத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. கோடையில் மாதம் ஒன்று போதும், சில மாதம் அதுவும் தேவைப்படாது.

சில வருடங்களில் பேட்டரி சார்ஜ் பிடிக்காமல் போகும். அதைக் குப்பைத் தொட்டியிலோ பழைய இரும்புக் கடையிலோ போடாதீர்கள், நசுங்கினால் தீப்பிடிக்கும். 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, கருவி வாங்கிய கடையிலோ கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலோ கொடுங்கள். வாங்கும்போதே “பழைய பேட்டரியை எங்கே தர வேண்டும்?” என்று கேட்டு, பில்லின் பின்னால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.