இடையன்குடியின் சரித்திராசிரியர்

திருநெல்வேலி மாவட்டம் இடையன்குடியில், பரிசுத்த திரித்துவ ஆலயத்தின் பீடத்துக்கு அடியில் துயில்கிறார் பிஷப் ராபர்ட் கால்டுவெல். 1891 ஆகஸ்டில் அவர் இறந்தது கொடைக்கானலில். ஆனால் 1841-ல் வந்து குடியேறி, 1880 வரை பார்த்துப் பார்த்துக் கட்டிய கோயிலுக்கே உடலைக் கொண்டுவந்தார்கள். அவர் வாழ்ந்த வீடு 2011-ல் அரசு நினைவில்லமானது.

மேடைகளில் புகழப்படுவது என்னவோ 1856-ல் வந்த ஒப்பிலக்கணம்தான். சென்னை அரசாங்க அச்சகம் 1881-ல் வெளியிட்ட அவரது திருநெல்வேலிச் சரித்திரத்தை நினைப்பவர்கள் குறைவு. கிரேக்கர்கள் எழுதிவைத்த 'கொல்கோய்' துறைமுகம் தாமிரபரணிக் கழிமுகத்துக் கொற்கையே என்றவர், அங்கே மண்ணைத் தோண்டியும் பார்த்தார். பாளையக்காரர் போர்களும் அந்நூலில் வருகின்றன, கம்பெனிக்காரர்களின் பார்வையில்தான்.

இன்னொரு நெருடலும் உண்டு. நாடார்களைப் பற்றி 1849-ல் அவர் எழுதிய சிறு நூல் அச்சமூகத்தை ஆழமாகப் புண்படுத்தியது. 1880-களில் கண்டனங்கள் கிளம்பின. இத்தனைக்கும் அவர் சபையில் பெரும்பாலோர் அதே சமூகத்தினர். அந்தக் குடும்பங்களின் வழிவந்தவர்கள்தான் இன்றும் ஞாயிறுதோறும் அந்தப் பீடத்தின் முன் மண்டியிடுகிறார்கள்.