உங்களுக்குத் தெரியுமா? காற்றில் காலி இடம் தேடும் கருவிகள்

● வைஃபை ரூட்டரை ஆன் செய்ததும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பெயர் போனில் உடனே வந்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் சில சமயம் ஒரு நிமிடம் தாமதிக்கும். அந்த வரிசையின் ஒரு பகுதியில் ரேடார்களும் இயங்குகின்றன. அங்கே பேசும் முன் ரூட்டர் 60 விநாடி வாய் திறக்காமல் கேட்க வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. பிறகு எப்போது ரேடார் தட்டுப்பட்டாலும் 10 விநாடிக்குள் இடத்தைக் காலி செய்துவிட்டு, அரை மணி நேரம் அந்தப் பக்கமே போகக் கூடாது.

● இப்படிக் காது கொடுத்துக் கேட்பதுதான் ‘ஸ்பெக்ட்ரம் சென்சிங்’. சூழலையும் பயனரின் தேவையையும் புரிந்துகொண்டு தன்னை மாற்றிக்கொள்ளும் ‘காக்னிட்டிவ் ரேடியோ’வை 1999-ல் முன்வைத்தவர்கள் ஜோசப் மிட்டோலாவும் ஜெரால்டு மகுவைரும். மறு ஆண்டு ஸ்வீடனின் கேடிஎச் பல்கலைக்கழகத்தில் மிட்டோலா அளித்த முனைவர் பட்ட ஆய்வும் இதைப் பற்றியதே. பின்னால் வந்த ஆய்வாளர்கள் அலைக்கற்றைப் பகிர்வில் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ரிசர்வ் செய்தவர் ஏறும்வரை காலி சீட்டில் உட்காரலாம். ஆள் வந்தால் எழுந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

● காற்றில் அவ்வளவு இடம் காலியா? 2010-ல் இந்தியாவின் 3ஜி அலைக்கற்றை ஏலம் சுமார் 67,700 கோடி ரூபாய்க்குப் போனது. அத்தனை விலைமதிப்புள்ள சரக்கு இது. ஆனால் 2004-ல் நியூயார்க்கில், பெரிய அரசியல் மாநாடு நடந்த நாட்களிலேயே அளந்து பார்த்தார்கள். 30 மெகாஹெர்ட்ஸ் முதல் 3 கிகாஹெர்ட்ஸ் வரை பயன்பாட்டில் இருந்தது ஏறக்குறைய 13 சதவீதம்தான்.

● காலியா என்று பார்க்க எளிய வழி, அந்த அலைவரிசையில் வரும் ஆற்றலை அளப்பது. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஆள் இருக்கிறது என்று பொருள். ஹாரி உர்கோவிட்ஸ் 1967-ல் எழுதிய கட்டுரைதான் இதற்கு இன்றும் அடிப்படை.

● நெடுநேரம் கேட்டால் எவ்வளவு மெல்லிய சிக்னலும் பிடிபட்டுவிடுமா? பிடிபடாது. இரைச்சலின் அளவு துல்லியமாகத் தெரியாதபோது, ஓர் எல்லைக்குக் கீழே எத்தனை நேரம் அளந்தாலும் சிக்னலையும் இரைச்சலையும் பிரிக்க முடியாது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ராகுல் டாண்ட்ராவும் அனந்த் சஹாயும் இதை நிறுவினார்கள். அந்த எல்லைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘எஸ்என்ஆர் சுவர்’ (எஸ்என்ஆர் என்பது சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்).

● டிவி அலைவரிசைகளில் காலி இடத்தைப் பயன்படுத்த அமெரிக்கா 2008-ல் அனுமதித்தது. கருவி மைனஸ் 114 டிபிஎம் சிக்னலையும் உணர வேண்டும் என்றது விதி. ஒரு வாட்டை இரண்டரைக் கோடி கோடிப் பங்காக்கினால், அதில் ஒரு பங்கு!

● ஏன் அவ்வளவு கெடுபிடி? மலைக்குப் பின்னால் இருக்கும் கருவிக்கு டிவி கோபுரம் கேட்காது. காலி என்று நினைத்து அது பேசினால், மொட்டைமாடி ஆன்டெனாவில் படம் பார்ப்பவருக்குக் கெட்டுவிடும். பல இடங்களில் உள்ள கருவிகள் தாங்கள் கேட்டதை ஒன்றுசேர்த்து முடிவெடுப்பது ஒரு தீர்வு. அமெரிக்கா 2010-ல் வேறு வழிக்குப் போனது: தன் இருப்பிடத்தைச் சொல்லித் தரவுத்தளத்தில் விசாரிக்கும் கருவி, காது கொடுத்துக் கேட்க வேண்டியதில்லை.

● உங்கள் ப்ளூடூத் இயர்போனும் காலி இடம் தேடும் ஜாதிதான். 79 அலைவரிசைகளுக்குள் விநாடிக்கு 1,600 முறை வரை தாவுகிறது. 2003-ல் வந்த 1.2 பதிப்பிலிருந்து, வைஃபை இடிக்கும் அலைவரிசைகளை அடையாளம் கண்டு தவிர்க்கவும் கற்றுக்கொண்டது.

● தரவுத்தளம் வந்ததும் கேட்கும் வேலை முடிந்துவிடவில்லை. அமெரிக்காவில் 3,550 முதல் 3,700 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியின் ஒரு பங்கைக் கடற்படை ரேடாரும் தனியார் நெட்வொர்க்குகளும் பகிர்ந்துகொள்கின்றன. கரையோர சென்சார்கள் ரேடாரைக் கேட்டுத் தகவல் தந்ததும், 5 நிமிடத்துக்குள் தனியார் கருவிகள் ஒதுங்க வேண்டும். டிவி கோபுரம் நின்ற இடத்தில் நிற்கும், பட்டியலில் எழுதிவிடலாம். போர்க்கப்பல் தான் போகும் இடத்தை யாருக்கும் சொல்லாது; கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.